காப்புக் கயிறும் லாட்ஜ் வாடகையும்

சாயங்காலம் திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வரும் பஸ்ஸில், முன்சீட்டுக்காரர் கிரெடிட் கார்டு கம்பெனிப் பெண்ணிடம் போன் ஸ்பீக்கரில் கத்தினார்.

“காப்பு கட்டுனவன் வெளியூர்ல எப்படிம்மா தங்குவான்?”

“புரியல சார்.”

“இன்னைக்குக் காலையில திருச்சியில ரூம் எடுத்தேன். மூணு மணிக்கே காலி பண்ணிட்டேன். லாட்ஜுக்காரன் ரெண்டு ராத்திரிக்குக் கார்டுல காசு எடுத்துட்டான்.”

“ரெண்டு நாளைக்கு நீங்கதான் புக் பண்ணீங்களாம் சார்.”

“அம்மன் திருவிழா முடியிறவரைக்கும் ராத்திரி ஊர்லதான் படுக்கணும். நான் எதுக்கு புக் பண்றேன்?”

“ஆதாரம் இருக்கா சார்?”

“கையில மஞ்சக்கயிறு இருக்கு. பஸ் டிக்கெட் இருக்கு. ரெண்டையும் போட்டோ எடுத்து அனுப்புறேன். புகாரை எழுதாம போனை வைக்கமாட்டேன்.”

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

“எழுதிட்டேண்ணே. எங்க ஊர்லயும் காப்பு கட்டியாச்சு. இருட்டுறதுக்குள்ள வீட்டுக்குப் போயிருங்க.”