நகத்தில் நொறுங்கிய கிளிப்பு

பூச்சி, இந்த வாக்குமூலத்துல உம் பேரை முதல்ல எழுதச் சொல்லிட்டேன் சாமி.

பூச்சி என்று நான் கூப்பிடுவது என் மகள் ஃபெபியை. என் பெயர் அற்புதம், வயது 46, காலஞ்சென்ற மரியதாஸ் மனைவி. ஏற்காடு வாழவந்தியில் குடியிருந்து எஸ்டேட்டில் காபிப்பழம் பறிக்கிறேன். மூன்றாவது வரை படித்தேன். ஃபெபி சேலத்தில் பல்லுக்குக் கம்பி கட்டுகிற கிளிப்பு செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தாள். போன மாதம் பஸ் ஏறப் போனபோது லாரி மோதி இறந்துபோனாள்.

அதன் பிறகு அவளுடைய சூப்பர்வைசர் கிங்ஸ்டன், சூளையில் வெந்த கிளிப்பு ஒரு டப்பாவை அவள் திருடியதாக மனு கொடுத்தார். போலீசார் வந்து என் ஊட்டு அலமாரியில் இருந்த டப்பாவை எடுத்துப் போனார்கள்.

அந்த டப்பா வந்த விதம் இது. எவர்சில்வர் தூளையும் மெழுகையும் கலந்து அச்சில் அடித்து வரும், இன்னும் சூளையில் வேகாத பச்சைக் கிளிப்பில் ஓரப் பிசிறு எடுப்பது அவள் வேலை. அரிசியில் பாதி இருக்கும், அழுத்தினால் ஒடியும். சேர்ந்த புதிதில் தினமும் ஒடித்தாள். கிங்ஸ்டன், "மேடம் கை காபி பறிக்கற கை, இதுக்கெல்லாம் வராதுங்க" என்று கேலி பேசி, கழித்த பச்சைக் கிளிப்பை ஒரு டப்பாவில் கொடுத்து ஊட்டில் பழகச் சொன்னார். கொத்துக்காம்பு ஒடியாமல் பழம் எடுக்கிற மாதிரி விரல் நுனியில் பிடி, நகம் படக்கூடாது என்று நான் காட்டிக் கொடுத்தேன். அதன் பிறகு அவள் தட்டில்தான் ஒடிசல் குறைவு.

இன்று காலை ஸ்டேஷனில் கிங்ஸ்டன் டப்பாவைக் காட்டி, "இதேதானுங்க சார்" என்றார்.

"ஏனுங்க, வெந்தது ஆறுல ஒரு பங்கு சுருங்கிடும்னு எம் மக சொல்லியிருக்காளுங்க. பக்கத்துல வச்சுப் பாருங்க" என்றேன்.

அவர் மாதிரிக்குக் கொண்டுவந்த வெந்த கிளிப்பு சிறிசு, டப்பாவில் இருந்தது பெரிசு. அதன் பிறகு டப்பாவில் ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்தினேன், நொறுங்கியது. அவருடையதை அவரை அழுத்தச் சொன்னேன். அவர் நகம்தான் ஒடிந்தது. ஏட்டு ஐயா சிரித்துவிட்டார்.

"நாந்தான் குடுத்தேனுங்க சார். வெந்த டப்பா ஒண்ணைக் காணலீங்க, பழி எம் மேல வந்துருமுங்க. செத்தவ வந்து கேக்கவா போறான்னு..." என்றார் கிங்ஸ்டன்.

"செத்தவ வரலீங்க. அவளைப் பெத்தவ வந்திருக்கறன்" என்றேன்.

அதன் பிறகு இன்ஸ்பெக்டர் ஐயா என் மகள் பேரை மனுவில் கோடு போட்டு அடித்ததைக் கண்ணால் பார்த்தேன். டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதில் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை, அத்தனையும் நிஜம்.

(ஒப்பம்) ம. அற்புதம்

இதையும் கீழே சேர்க்கச் சொன்னேன்: பூச்சி, நான் நொறுக்கினது, நீ மொதமொதல்ல ஒடிக்காம பிசிறெடுத்த கிளிப்பா கண்ணு?