என் பாஸுடன் உள்ளே போனவர்

பெயர் ராமையா, வயது 47, தகப்பனார் பெயர் கருப்பணன். சொந்த ஊர் சிவகங்கை மாவட்டம், இளையான்குடி வட்டம். தற்போது ராஸ் அல் கைமாவில் ஓர் ஒப்பந்தக் கம்பெனியின் கேம்ப்பில் தங்கி, சிமெண்ட் ஆலை ஒன்றில் மெயின்டனன்ஸ் மெக்கானிக்காக வேலை செய்து வருகிறேன். நேற்று அந்த ஆலையில் இறந்ததாகத் தங்கள் போலீஸ் பதிவில் உள்ள ராமையா நான்தான். எனக்கு அரபி தெரியாததால், மொழிபெயர்ப்பாளர் கலீலுர் ரஹ்மானிடம் தமிழில் சொல்கிறேன்.

இறந்தவர் பெயர் சரவணகுமார். பெரம்பலூர் மாவட்டத்துக்காரர், என்னைவிட மிகவும் இளையவர். என் அறையில் மேல் கட்டிலில் தங்கியிருந்தார். அவரும் மெக்கானிக்தான். புதிதாக வந்தவர் என்பதால் ஆலைக்குள் நுழைவதற்கான கேட் பாஸ் அவருக்கு இன்னும் வரவில்லை. அதுவரை அவரை வெளி ஒர்க் ஷாப்பில் பம்புகளைக் கழற்றிக் கழுவ வைத்திருந்தார்கள்.

ஆலையை நிறுத்திவைத்துப் பழுது பார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் ஆள் குறைந்தால் எங்கள் சூப்பர்வைசர் சாகிர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நேற்றுக் காலை காய்ச்சலில் என்னால் எழுந்து நிற்க முடியவில்லை. சரவணகுமார் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நீங்க படுங்கண்ணே, உங்க பாஸ்ல நான் போயிட்டு வந்துர்றேன்" என்றார். அது தவறு என்று இருவருக்கும் தெரியும். ஹெல்மெட்டும் தூசி மாஸ்க்கும் போட்டுக்கொண்டால் கேட்டில் யாரும் முகம் பார்ப்பதில்லை என்பதும் தெரியும். ஆணியில் மாட்டியிருந்த பாஸை நானே எடுத்துக் கொடுத்தேன். அவர் என் போர்வையை இழுத்து மூடிவிட்டுப் போனார்.

அதன் பிறகு நான் தூங்கிவிட்டேன். மதியம் கதவு திறக்கும் சத்தத்தில் விழித்தபோது பக்கத்து அறைக்காரர்கள் வாசலில் நின்று என்னைப் பார்த்தார்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை. கன்வேயரின் கியர் பாக்ஸைச் செயின் பிளாக் என்ற சங்கிலிக் கப்பியில் தூக்கும்போது அது கழன்று விழுந்து, ராமையா அந்த இடத்திலேயே இறந்துவிட்டதாகச் சைட்டிலிருந்து செய்தி வந்தது என்றும், என் ஊருக்கும் சொல்லியாகிவிட்டது என்றும் பிறகு சொன்னார்கள். நான் அங்கு இல்லாததால் அது எப்படி விழுந்தது என்று என்னால் சொல்ல இயலாது.

உடனே என் மனைவி பஞ்சவர்ணத்துக்குப் போட்டிம் ஆப்பில் வீடியோ கால் செய்தேன். முதலில் எடுத்த என் மைத்துனன் போனைக் கீழே போட்டுவிட்டான். அதன் பிறகு பஞ்சவர்ணம் எடுத்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. அவளுக்குப் பின்னால் ஆட்கள் பந்தலுக்குக் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தார்கள். அவள் வெகுநேரம் என்னையே பார்த்தாள். அதன் பிறகு, "அப்ப செத்தது யாரு?" என்று கேட்டாள். சொன்னேன். "அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்றாள். ஆகிவிட்டது என்றேன்.

அதன் பிறகு சாகிர் வந்தார். என்னைக் கண்டதும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். வெளியே தெரிந்தால் பாஸைக் கொடுத்த என்மேல் கேஸ் வரும், கம்பெனியை ஆலையிலிருந்து வெளியேற்றுவார்கள், கேம்ப்பில் எல்லாருக்கும் வேலை போகும் என்றார். மேலே பேசி ஒரு வழி செய்யும்வரை அறையை விட்டு வெளியே வர வேண்டாம் என்றார். அவர் மிரட்டவில்லை, கெஞ்சினார். நானும் சரி என்றேன்.

அவர் போன பிறகு மேல் கட்டிலில் போன் அடித்தது. ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் சரவணகுமார் அதை விட்டுப் போயிருந்தார். அழைத்தது அவர் மனைவி ஜோதிமணி. நின்று நின்று திரும்பவும் அடித்ததால் எடுத்தேன். நான் வாய் திறக்கும் முன் அவர் பேசத் தொடங்கிவிட்டார்.

"ராமையா அண்ணன் போயிட்டாங்களாமே, பக்கத்து ரூம்காரரு வீட்டுல சொன்னாங்க. நீங்க சாப்பிட்டீங்களா? அழுவாதீங்க. அண்ணிய நான் போயி பாத்துட்டு வர்றேன்."

நான் அழுதுகொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தை அவர் தன் கணவருடையது என்று நினைத்துக்கொண்டார். அழுகை அடங்கும்வரை லைனிலேயே இருந்தார். அதன் பிறகு, முகம் கழுவிவிட்டுப் படுக்கச் சொல்லி வைத்துவிட்டார். எடுத்தது நான் என்று அப்போது சொல்லவில்லை.

அதன் பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, சாகிரிடம் சொல்லாமல், டாக்ஸி பிடித்து இந்த நிலையத்துக்கு வந்தேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. என் பாஸை இன்னொருவருக்குக் கொடுத்ததற்குத் தண்டனை உண்டு என்று அதிகாரி சொன்னது எனக்குப் புரிந்தது. இன்று காலை பிணவறையில் உடலைக் காட்டினார்கள். அது சரவணகுமார்தான். அவருடைய உடல் அவர் வீட்டுக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.

அதன் பிறகு, அதிகாரி அனுமதித்ததால், இந்த அறையிலிருந்தே ஜோதிமணிக்கு நானே சொன்னேன். அவர் நம்பவில்லை. கணவர் நேற்று மதியம் போனை எடுத்தார், தான் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். எடுத்தது நான் என்றேன். லைன் துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று அதிகாரி கையைக் காட்டிக் கேட்டார். அப்போது ஜோதிமணி, "அப்ப அழுதது அவரு இல்லையா?" என்றார்.

"நான்தாம்மா" என்றேன்.

கலீலுர் ரஹ்மான் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டிச் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) க. ராமையா
என் முன்னிலையில்: கலீலுர் ரஹ்மான், மொழிபெயர்ப்பாளர்