கண்ணாடி பங்களாவின் நான்காவது பெஞ்சு

தென்னாற்காடு ஜில்லா, செஞ்சி போலீஸ் நிலையம். 1967ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 18ந் தேதி வெள்ளிக்கிழமை, பகல் மூன்று மணிக்கு ஏட்டு வீராசாமி கேட்க நான் சொன்னது.

என் பெயர் ஹுசைன் பீ. வயது எழுபது. சிங்கவரம் ரோட்டில் கண்ணாடி பங்களாவின் மதிலுக்கு வடக்கே உள்ள கூரை வீட்டில் இருக்கிறேன். கையெழுத்துப் போடத் தெரியாது. கணவர் பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விடும்படி ஏட்டய்யாவிடம் கேட்டுக்கொண்டேன். எங்களில் பெண்பிள்ளைகள் புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை. பதிமூன்று வயதில் எனக்கு நிக்காஹ் ஆனது. அன்றிலிருந்து நானும் சொன்னதில்லை. என்னை நிற்க வைத்துக் கேட்காமல் நாற்காலி போட்டதற்கு ஏட்டய்யாவுக்கு நன்றி.

நான் பூட்டை உடைத்துப் பங்களாவுக்குள் திருடப் போனதாகவும், வாங்க வந்தவரை அடித்ததாகவும், கண்ணாடியை உடைத்ததாகவும் தரகர் கன்னியப்பன் என் மேல் புகார் கொடுத்திருக்கிறார். நடந்ததைச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் வண்டிமாடுகளுக்கு லாடம் அடிப்பவர். 1943ஆம் வருஷம் ஐப்பசியில் மௌத்தானார். அன்று ஆற்றில் வெள்ளம் வந்து கபர்ஸ்தானுக்குப் போகும் வழி மூடிவிட்டதால், எங்கள் லாடக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த சொந்த நிலத்திலேயே அடக்கம் செய்தோம். மழையில் குழி தோண்டியவர் பக்கத்துக் கொல்லைக்காரர் பாவாடை. என் வீட்டுக்காரரின் தம்பி மகன் மஜீத் வரவில்லை. கால் சுளுக்கு என்று சொல்லி அனுப்பினான். மறுநாள் அவனைச் சந்தையில் பார்த்தேன், இரண்டு காலாலும் நடந்தான். இதையும் எழுதும்படி கேட்டேன், எழுதினார்.

அதன் பிறகு 1960ஆம் வருஷம் பட்டா மாற்றுவதற்கு என்று சொல்லி மஜீத் என்னிடம் ரேகை வாங்கி, கபர் இருந்த இடத்தையும் சேர்த்து இஞ்சினீயர் ராஜாராம் அவர்களுக்கு விற்றுவிட்டான். இஞ்சினீயர் அங்கே மேலே ஓடும் முன்னால் தூணும் இல்லாமல், பெட்டியை வைத்தது போல ஒரு வீடு கட்டினார். கோட்டை மலையைப் பார்த்த பக்கம் முழுவதும் சுவருக்குப் பதில் கண்ணாடி. சுற்றிலும் தோட்டம், தோட்டத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் கருங்கல் மதில். கபரைத் தோண்டி எடுத்துவிடலாம் என்று மேஸ்திரி சொன்னார். இஞ்சினீயர் கேட்கவில்லை. மதிலில் எனக்கென்று ஒரு கதவு வைத்தார். என்னைச் சுவரோரம் நிறுத்தி டேப் பிடித்து, "ஆயா, நீ குனியக்கூடாது" என்று என் தலைக்கு மேல் ஒரு சாண் விட்டுக் கதவின் அளவு எடுத்தார். சாவியை என் கையில் கொடுத்தார். அவர் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும்.

அதன் பிறகு அவர் தோட்டத்தில் சாம்பல் நிறச் சிமெண்டில் மூன்று பெஞ்சுகள் போட்டார். மிச்சம் இருந்த சிமெண்டால் கபரையும் அதே மாதிரி வழவழப்பாகப் பூசிக் கொடுத்தார். தலைமாட்டில் கல் வைக்கலாம் என்று, "பேரு இன்னா ஆயா?" என்று கேட்டார். நான் சொல்லவில்லை. "செரி, மஜீதைக் கேக்கறேன்" என்றார். "அவன் வாயால வந்த பேரு அங்க இருந்துதுன்னா நான் இந்தக் கதவைத் தொறக்கவே மாட்டேன்" என்றேன். அதனால் கல் வைக்கவில்லை. ஆறு வருஷமாக வியாழக்கிழமைதோறும் அந்தக் கதவு வழியாகப் போய்க் கபரைக் கழுவி, ஊதுபத்தி ஏற்றிப் பாத்தியா ஓதி வருகிறேன். தோட்டத்தைப் பாவாடைதான் பார்த்துக்கொள்கிறார். அவர் நான் வரும் நாளில் மல்லி பறித்து வாழை இலையில் வைத்திருப்பார்.

இந்த வருஷம் இஞ்சினீயருக்கு வடக்கே இரும்பு ஆலையில் வேலை கிடைத்ததால் பங்களா விலைக்கு வந்தது. பேப்பரில் விளம்பரம் போட்டவர் கன்னியப்பன். புகாரோடு அவர் கொடுத்த விளம்பரத்தை ஏட்டய்யா எனக்குப் படித்துக் காட்டினார். அதில் மதில் சூழ்ந்த தோட்டம், நான்கு கல் பெஞ்சுகள் என்று இருக்கிறது. பெஞ்சு மூன்றுதான். நான்காவது என் வீட்டுக்காரர்.

நேற்று வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து உள்ளே போனேன். கபர் மேல் ஒரு அம்மாள் உட்கார்ந்து டிபன் கேரியரைத் திறந்து எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பட்டணத்திலிருந்து பங்களா வாங்க வந்த டாக்டர் லட்சுமியம்மாள் என்று பிறகு தெரிந்தது. கன்னியப்பன் பக்கத்தில் நின்று, "நல்லா கால நீட்டி உக்காருங்கம்மா, வெயில்லயும் சில்லுனு இருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாவாடையை இளநீர் வாங்க அனுப்பியிருந்தார்கள். வாளித் தண்ணீரை அந்த அம்மாள் மேல் ஊற்றினேன். இது உண்மை.

அதன் பிறகு கன்னியப்பன், "ஏ கெழவி, திருடவா வந்தே?" என்று என் கையைப் பிடித்து இழுத்துச் சாவியைப் பிடுங்கினார். நான் காலி வாளியை அவர் தலையைப் பார்த்து வீசினேன். அவர் குனிந்துவிட்டார். வாளி பட்டுக் கண்ணாடி உடைந்தது. அவர் குனியாமல் இருந்திருந்தால் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

சத்தம் கேட்டுப் பாவாடை இளநீர்க் குலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "அம்மா, எந்திரிங்க! அது பெஞ்சு இல்லீங்க, பாய்ம்மா வூட்டுக்காரரு கபருங்க" என்றார். டாக்டரம்மாள் எழுந்து செருப்பைக் கழற்றித் தூர வைத்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் திரும்பி வந்து கபர் மேல் சிந்தியிருந்த பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அவர் புடவையிலிருந்து என் வாளித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் பிறகு பாவாடையிடம் இன்னொரு வாளி தண்ணீர் சேந்தித் தரச் சொல்லி, அதை அவரே தூக்கி வந்து என்னிடம் கொடுத்தார். நான் கழுவி முடிக்கும் வரை தள்ளி நின்றார். கன்னியப்பன் அதற்குள் புகார் கொடுக்கப் போய்விட்டார்.

இன்று டாக்டரம்மாள் தானே இந்த நிலையத்துக்கு வந்தார். தன்னை யாரும் அடிக்கவில்லை என்றும், வீட்டைத் தானே வாங்கப்போவதாகவும், கண்ணாடியைத் தானே போட்டுக்கொள்வதாகவும் சொன்னார். இஞ்சினீயருக்கும் தந்தி கொடுத்துக் கேட்டிருக்கிறார். கதவும் சாவியும் ஆயாவுடையது என்று பதில் வந்ததை ஏட்டய்யா படித்தார். சாவி என் கைக்கு வந்துவிட்டது.

அதன் பிறகு டாக்டரம்மாள் என்னிடம், "பாட்டிம்மா, எனக்கு அப்புறம் யார் வாங்கினாலும் இந்தக் கதவை மூடக்கூடாதுன்னு பத்திரத்துல எழுதப்போறேன். யாருடைய கபர்னு எழுதணுமே. கல்லும் வைக்கணும், இல்லேன்னா என்னை மாதிரி இன்னொருத்தி வந்து உட்காருவா" என்றார்.

மஜீத் நிலையத்து வாசலில் வந்து நின்று, "பெரியம்மா சொல்ல மாட்டாங்க சார், நான் சொல்றேன்" என்றான். அவனை உள்ளே விட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஆறு வருஷத்துக்கு முன் நான் வாய் திறந்திருந்தால் அங்கே கல் இருந்திருக்கும், டாக்டரம்மாள் உட்கார்ந்திருக்க மாட்டார். இந்தத் தப்பு என்னுடையது. கன்னியப்பன் என் கையைப் பிடித்தது அவருடையது; அதை நான் மறக்கப்போவதில்லை.

மேலே சொன்னதில் நான் கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை. ஏட்டய்யா படித்துக் காட்டினார், சரியாக இருக்கிறது. முதலில் காலியாக விட்ட இடத்தையும் நிரப்பும்படி கேட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் பேனா முனையைப் பார்த்துக்கொண்டு நானே சொன்னேன். அவர் காதில் விழவில்லை என்றார். இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னேன்.

கணவர் பெயர்: சாந்த் பாஷா.

இடது கைப் பெருவிரல் ரேகை,
ஹுசைன் பீ.