அசையாத படம்

மேலப்பாளையம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருவர். ஒருவர் மடியில் கேமராப் பை, மற்றவர் மடியில் லேப்டாப்.

"அடக்கம் பண்ண மய்யித்த வீட்ல வச்சிக்கிட்டு எவம்வே லினக்ஸ்ல சாப்ட்வேர் ஏத்துவான்?" என்றார் கேமராக்காரர்.

"ரெண்டு கேமராவையும் மாத்தி மாத்திக் காட்டலாம்னு புது மிக்ஸிங் சாப்ட்வேர் ஏத்துனேன். ஏதோ லைப்ரரி ஃபைலு இல்லன்னு பாதியில நின்னுட்டு."

"பழசு நல்லாத்தான ஓடிச்சு?"

"அத அழிச்சிட்டுல்லா ஏத்துனேன்."

"துபாய்ல மவன் லைவ்ல வாப்பா மொகத்தக் கடைசியாப் பாக்கக் காத்துக் கெடந்தானே, வே."

லேப்டாப்காரர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "லைவ் வாரதுக்குள்ள அடக்கிட்டாங்க. கபர் மண்ணத்தான் காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, 'படம் அசையலையே, நின்னுட்டா?'ன்னு கேட்டான்."

"நீரு என்ன சொன்னீரு?"

"நெட்டு சரியில்லன்னு சொல்லிட்டேன்."