இரண்டு அங்குலம்

பிக்கப் வண்டியின் மூக்கு பின்பக்கத்தைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருப்பது ஒரு குறையே இல்லை, ஷெரிஃப். பின்னால் பாரம் ஏற்றினால் பின்பக்கம் அமுங்கும், அப்போது வண்டி சமமாக நிற்கும். அதற்காகத்தான் கம்பெனிக்காரர்கள் அப்படிச் செய்து அனுப்புகிறார்கள். ஆனால் நம் ஊரில் அது யாருக்குப் பிடிக்கிறது? வெறும் வண்டியாக நிற்கும்போது தரையை மோப்பம் பிடிக்கிற நாய் மாதிரி இருக்கிறது என்று ஆளாளுக்கு முன்பக்கத்தைத் தூக்கிவிட்டார்கள். முன் ஸ்பிரிங்குகளின் மேல் உட்காரும் இரண்டு இரும்பு வளையங்கள், அதற்குப் பெயர் லெவலிங் கிட். இரண்டு அங்குலம் ஏறும். உங்கள் வண்டியிலும் போட்டிருக்கிறீர்கள். நன்றாகத்தான் இருக்கிறது.

நான் அதைப் போடலாமா வேண்டாமா என்று போன கோடையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தது உங்களுக்கும் தெரியும். பாட்சியின் கடையில் காலைக் காபிக்கு உட்காரும் ஒருவரையும் நான் விட்டுவைக்கவில்லை. போட்டால் பெரிய டயர் மாட்டலாம், பனியில் வயிறு தட்டாது, பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் முன்பக்கத்து மூட்டுகள் சீக்கிரம் தேயும். பானெட் உயர்ந்துவிடுவதால் மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது மறைந்துவிடும். இதை நானே சோதித்தேன். என் வண்டிக்கு முன்னால் ஒரு தீவன வாளியை வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தால் வாளியின் விளிம்பு தெரிந்தது. டயர் கடை டுவெய்னின் வண்டியில், அதே தூரத்தில், வாளியே இல்லை. சின்ன வித்தியாசம்தான், ஆனால் மனதில் நின்றுவிட்டது.

என் கேள்விகளைக் கேட்டுக் கேட்டு டுவெய்னுக்குக் காது புளித்துப் போனது. "வெர்ன், பொண்டாட்டி கட்டுறதுக்குக் கூட எவனும் இவ்வளவு யோசிச்சதில்லப்பா" என்றார் ஒரு நாள்.

"அதனாலதான் நான் கட்டல" என்றேன். கடையே சிரித்தது. நீங்களும் அன்று அங்கே இருந்தீர்கள் என்று நினைக்கிறேன்.

கடைசியில் நவம்பரில், நன்றி நாள் விருந்துக்கு முந்தின வாரம் அவரே ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். "எடுத்துட்டுப் போ. பிடிக்கலன்னா திருப்பிக் குடு. ஆனா தயவுசெஞ்சு இனிமே இதைப் பத்தி என்கிட்ட வாயத் தொறக்காத." மாட்டித் தருகிறேன் என்றும் சொன்னார். நானே கொட்டகையில் வைத்து மாட்டிக்கொள்கிறேன் என்று வாங்கிப் போனேன். தீவன மூட்டைகளுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் வைத்தேன்.

என் அண்ணனைப் பற்றிக் கேட்டீர்கள். டெல்மர் நல்ல மனிதர். இதை நான் வாய்வார்த்தைக்குச் சொல்லவில்லை. எதையும் சட்டென்று தீர்மானிக்கிறவர். அப்பா இறந்தபோது பண்ணை இருவருக்கும் என்றாலும், முடிவு மட்டும் டெல்மருடையதாக இருக்கட்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். எனக்கு அது ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. எந்தக் காளையை வாங்குவது, எப்போது வைக்கோல் அறுப்பது, அம்மாவின் அடக்கத்தில் எந்தப் பாட்டுப் பாடுவது, எல்லாம் அவர்தான். ஐரீன் என்று ஒரு பெண் இருந்தாள். நான் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது டெல்மரே அவளிடம் போய், என் தம்பிக்காகக் காத்திருக்காதே, உன் வயதுதான் போகும் என்று சொல்லிவிட்டார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். அவள் வயோமிங் பக்கம் கல்யாணமாகிப் போனாள். எனக்கு அப்போது வலித்தது, பிறகும் வலித்தது.

பிப்ரவரியில், கன்று ஈனும் சமயம், மாட்டின் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தபோது டெல்மர் சொன்னார். பண்ணையை விற்கிறோம், மார்ச் கடைசியில் கையெழுத்து. அவரும் அவர் மனைவி ஜோலீனும் மகள் இருக்கும் டென்வருக்குப் போகிறார்கள். எனக்கு நார்த் பிளாட் ஊரில் வயதானவர்கள் இருக்கும் கட்டடத்தில் ஒரு அறை பார்த்துவைத்திருந்தார். இரண்டாவது மாடி. நாய் வைத்துக்கொள்ளக் கூடாதாம்.

"உனக்கும் சேத்து நானே முடிவு பண்ணிட்டேன், வெர்ன். உன்னைக் கேட்டுட்டிருந்தா இந்தக் கன்னு கெழமாயிரும்" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கன்றை வெளியே இழுத்தார்.

நான் அந்த மண்ணைத் தவிர வேறெங்கும் தூங்கியதில்லை, ஷெரிஃப். ராணுவத்துக்குக்கூட என்னை எடுக்கவில்லை. இதைக் காரணமாகச் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

வாசல் விஷயத்துக்கு வருகிறேன். மேய்ச்சல் நிலத்தில் வண்டியை ஓட்டுகிறவர் இறங்கமாட்டார், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் இறங்கி வாசலைத் திறக்க வேண்டும். நாம் எல்லோரும் இதில்தான் வளர்ந்தோம். டெல்மர் ஓட்டுவார், நான் பக்கத்தில் இருப்பேன். மழையோ பனியோ நான்தான் இறங்குவேன். வடக்கு மேய்ச்சலின் வாசல் முள்கம்பி வாசல், கம்பிகளின் முனையில் உள்ள கட்டையை விறைப்பாக இழுத்து வேலிக் கம்பத்தின் மேலும் கீழும் உள்ள வளையங்களில் மாட்டியிருக்கும். தோளால் கட்டையைக் கம்பத்தோடு முட்டித் தள்ளி மேல் வளையத்தை எடுக்க வேண்டும், பிறகு குனிந்து கீழ் வளையத்திலிருந்து கட்டையைத் தூக்க வேண்டும். என் இடது தோள் அப்படித்தான் கெட்டது. அந்த இடத்தில் பாதை வளைந்து வருவதால் வண்டியின் முகம் நேராகக் கம்பத்தைப் பார்த்து நிற்கும். வாசலைத் திறக்கிறவன் பானெட்டுக்கும் கம்பத்துக்கும் நடுவில்தான் நிற்க முடியும்.

அது நடந்த அன்று டெல்மரின் வண்டி டயர் மாற்ற டுவெய்னின் கடையில் இருந்தது. நில அளவைக்காரர்கள் நட்டுவிட்டுப் போன குச்சிகளை எனக்குக் காட்ட வேண்டும் என்றார். என் வண்டியில் போனோம். ஆகவே பக்கத்து இருக்கை அவருக்கு வந்தது.

பிறகு நடந்ததை நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள். டெல்மர் கீழ் வளையத்துக்குக் குனிந்தார். உயர்த்திய பானெட்டுக்குப் பின்னால் இருந்த எனக்கு அவர் தெரியவில்லை. திறந்துவிட்டார் என்று நினைத்தேன், அல்லது சேற்றுப் பூட்ஸ் பிரேக்கிலிருந்து வழுக்கியது. வண்டி முன்னால் போய் அவரைக் கம்பத்தோடு நசுக்கிவிட்டது. அந்தப் பள்ளத்தில் போன் எடுக்காது, அதனால் வீட்டுக்குப் போய் உங்களுக்குப் போன் செய்துவிட்டுத் திரும்பி வந்தேன். நீங்கள் வந்து இறங்கியதும் முதலில் என் வண்டியைத்தான் பார்த்தீர்கள். பின்னால் தீவன மூட்டைகளோடு தரைக்குச் சமமாக நின்றிருந்தது.

"கடைசியில போட்டுட்டீங்களா, வெர்ன்?" என்று மெதுவாகக் கேட்டீர்கள்.

"ரெண்டே இஞ்ச்தான். எவ்வளவு மறைச்சிடுது பாருங்க" என்றேன்.

நான் சொன்னதில் பொய் இல்லை. மறைக்கத்தான் செய்கிறது, வாளியை வைத்து நானே பார்த்திருக்கிறேன்.

அடக்கத்துக்குப் பிறகு சர்ச் கூடத்தில் பன்றியிறைச்சி சாண்ட்விச் கொடுத்தார்கள். ஒவ்வொருவராக வந்து என் தோளில் கை வைத்தார்கள். "எனக்கும் நடந்திருக்கும், வெர்ன். எவனுக்கு வேணா நடந்திருக்கும்." வெளியே அவர்கள் வண்டிகளெல்லாம் மூக்கைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நின்றன. ஜோலீன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். டெல்மரைப் பண்ணையின் மேட்டிலேயே புதைத்ததால் அந்த மண்ணை விற்க அவருக்கு மனம் வரவில்லை. "நீ இங்கேயே இருந்து பாத்துக்கோ, வெர்ன். அவருக்கும் துணையா இருக்கும்" என்றார். எனக்கும் அழுகை வந்தது, அது உண்மையான அழுகைதான்.

எல்லாம் அப்படியே இருந்திருக்கும். டுவெய்னுக்குத்தான் மனம் ஆறவில்லை. கிட்டை என் கையில் திணித்தது தான்தானே என்று அந்த மனிதர் உருகிப் போய்விட்டார். முதலில் விற்பதை நிறுத்தினார். பிறகு கடையையே சாத்திவிட்டு, ஜாக்கைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், தான் மாட்டிய ஒவ்வொரு கிட்டையும் சும்மா கழற்றிக் கொடுக்க ஆரம்பித்தார். யாரும் தடுக்கவில்லை. அவருக்கு அதில் ஆறுதல் கிடைக்கிறதென்றால் கிடைக்கட்டும் என்று விட்டார்கள். என்னிடமும் வந்தார். "நான்தான் உங்க அண்ணனைக் கொன்னேன், வெர்ன். உன்னுத மட்டுமாவது என் கையால கழட்ட விடு" என்றார். நான் காபி போட்டுக் கொடுத்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

இன்று காலை நான் மாடு பார்க்கப் போயிருந்தபோது கேட்காமலே வந்து வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டார். திரும்பி வந்தபோது அவர் பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது. நான் ஜாக்கின் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரம் நின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கேட்டால் மறைக்கமாட்டேன். அவர் தானாக வெளியே வந்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லையே, வெர்ன்" என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "நீ போடவே இல்லையா? அப்போ நான் இல்ல. கடவுளே, நான் இல்ல." தரையில் உட்கார்ந்து கிரீஸ் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் அவரைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. பிறகு கையை எடுத்து என்னைப் பார்த்தார். ஜாக்கை இறக்கி வண்டியைப் பார்த்தார், மூட்டைகள் இல்லாமல் மூக்குத் தாழ்ந்து நின்றது. மறுபடி என்னைப் பார்த்தார். ஜாக்கையும் விட்டுவிட்டுப் போனார்.

அவர் நேராக உங்களிடம்தான் வருவார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்காக நான் முந்திக்கொண்டு வரவில்லை. ஒரு நல்ல மனிதர் செய்யாத காரியத்தைச் சுமந்துகொண்டு திரியக் கூடாது என்பதால் வந்தேன். அவருடைய கிட்டில் எந்தத் தப்பும் இல்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். டெல்மர் குனியவில்லை. கீழ் வளையம் வரை போகவே இல்லை. மேல் வளையமே வரவில்லை, கம்பி அவ்வளவு விறைப்பு. தோளால் முட்டிப் பார்த்தார், மூச்சு வாங்கினார், பிறகு நிமிர்ந்து கம்பத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். தொப்பி, முகம், இடுப்பு பெல்ட்டின் கொக்கி வரை எனக்குத் தெரிந்தது.

"டேய், வந்து ஒரு கை குடு" என்று கத்தினார். "இல்ல, அதுக்கும் கோடை வரைக்கும் யோசிக்கணுமா?"

சிரித்தார். கேலிதான், கெட்ட எண்ணமில்லை. நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்துப் பக்கத்துப் பெடலில் வைத்தேன். கம்பம் நன்றாக நடப்பட்ட கம்பம், அது அசையவில்லை.

வண்டியைப் பின்னால் எடுத்தபோது அவருக்கு மூச்சிருந்தது. என் பெயரைச் சொன்னார் என்று நினைக்கிறேன். நான் வீட்டுக்குப் போனேன். கொட்டகை முன்னால் நின்றதும் வண்டியை எல்லோரும் பார்ப்பார்கள் என்று தோன்றியது. எப்படியும் அன்று தீவனம் ஏற்ற வேண்டிய நாள்தான். பின்பக்கம் அமுங்கி வண்டி சமமாகும்வரை மூட்டைகளை ஏற்றினேன். கெட்ட தோள் என்பதால் நேரம் பிடித்தது. நடுவில் ஒருமுறை தண்ணீர் குடித்தேன். தள்ளி நின்று பார்த்து, இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். அதற்குப் பிறகுதான் உங்களுக்குப் போன் செய்தேன். முதலிலேயே செய்திருந்தால் நான் ஏற்றி முடிப்பதற்குள் ஆம்புலன்ஸ் வந்திருக்கும். திரும்பிப் போனபோது டெல்மர் அடங்கியிருந்தார். தொப்பியை எடுத்துத் துடைத்து அவர் மார்பில் வைத்தேன்.

இதைத் திட்டம் என்று எழுதாதீர்கள், ஷெரிஃப். காபிக் கடையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், வெர்ன் எதையாவது சட்டென்று தீர்மானிக்கிற ஆளா என்று. பெட்டி கொட்டகையில், மூட்டைகளுக்குப் பின்னால், அதே பலகையில் இருக்கிறது. ஒட்டியது ஒட்டியபடி. டுவெய்னிடம் திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் கொடுத்துவிடுங்கள். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். அதைப் போடலாமா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.