தேடலில் இருந்து விலக்கிய கோப்புறை

அன்று யாரிடமும் நான் சொல்லாமல் விட்டதை முதலில் பதிகிறேன். துஷ்யந்தி என்பவர் எங்கள் கடையில் திருத்தத் தந்த மடிக்கணினியின் தேடல் அமைப்பை இரண்டு பேர் மாறி மாறி மாற்றியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஒருவர் கணினி முழுவதையும், கோப்புகளின் உள்ளே உள்ள சொற்கள் உட்பட, தேடும்படி வைத்திருந்தார். மற்றவர் ஒரேயொரு கோப்புறையை மட்டும் அந்தத் தேடலில் இருந்து விலக்கியிருந்தார். வாடிக்கையாளரின் கணினியில் காண்பதைப் பற்றிக் கதைப்பதில்லை என்பது எங்கள் கடை ஒழுங்கு.

என் பெயர் முத்துலிங்கம் சாம்பவி. வயது இருபத்தாறு. வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில் பெற்றோருடன் வசிக்கிறேன். அருகில், அண்ணன் முறையில் 'நானா' என்று நான் அழைக்கும் ஷிராஸ் என்பவரின் கணினி திருத்தும் கடையில் வேலை செய்கிறேன். இன்று இந்தப் பொலிஸ் நிலையத்தில் தமிழ் எழுதக்கூடிய உத்தியோகத்தர் இல்லாதபடியால், சார்ஜன்ட் கேட்டுக்கொண்டபடி நானே எழுதுகிறேன்.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை துஷ்யந்தி கடைக்கு வந்தார். அதற்கு முன் அவரை எனக்குத் தெரியாது. மழை இல்லாதபோதும் மடிக்கணினியைப் பொலித்தீன் பையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அது மெதுவாக ஓடுவதாகவும் கணவர் ஏசுவதாகவும் சொன்னார். "உள்ளுக்கு ஒண்டும் மாத்த வேண்டாம் தங்கச்சி. கெதியா ஓடினாக் காணும்" என்றார். "மாத்தாமல் எப்பிடியக்கா கெதியாக்கிறது?" என்று கேட்டேன். ஷிராஸ் நானா, நான் வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்தைக் காட்டி, "அந்தப் புத்தகத்த மூடி வெச்சிட்டு இதத் திறந்து பாருங்க, ரெண்டும் ஒரே ஸ்பீட்லதான் போகுது" என்று என்னைப் பகிடி பண்ணினார். துஷ்யந்தி சிரித்தார். அதன் பின்னர் பில்லுக்குத் தொலைபேசி இலக்கம் கேட்டேன். "அவரின்ர நம்பரை எழுதுங்கோ, என்னட்டை போன் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பின்னர் கணினியைப் பரிசோதித்தேன். தேடல் அமைப்பு மாறும் ஒவ்வொரு முறையும் கணினி தன் கோப்புகளை முதலிலிருந்து அட்டவணைப்படுத்தத் தொடங்கும். அது முடியுமுன் மறுபடி மறுபடி மாற்றப்பட்டபடியால் ஓய்வில்லாமல் அதையே செய்துகொண்டிருந்தது. வேறு பழுது இல்லை. எனவே அமைப்பை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்தேன். முழுக் கணினியையும் தேடும் ஏற்பாடு நீங்கியது. அந்தக் கோப்புறைக்கு இருந்த விலக்கும் நீங்கியது. விலக்கைத் திரும்ப இட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

அதன் பின்னர் வேலை முடிந்ததென்று பில்லில் இருந்த இலக்கத்துக்குச் செய்தி அனுப்பினேன். மாலையில் பில்லுடன் வந்தவர் அவருடைய கணவர் கிருபாகரன். பில் கொண்டுவருபவரிடம் கொடுப்பதும், கொடுக்குமுன் உரியவரின் பெயரைத் தேடலில் அடித்து வேகத்தைக் காட்டுவதும் எங்கள் வழக்கம். துஷ்யந்தி என்று அடித்தேன். உடனே வந்தது. முதலில் கடவுச்சீட்டின் படம், அதன் கீழ் வரும் சனிக்கிழமைத் திகதியிட்ட ரொறன்ரோ விமானச்சீட்டு. ஒருவருக்கு, ஒரு வழி. கிருபாகரன் ஏசவில்லை. "இன்னும் கீழ இழுங்கோ தங்கச்சி" என்றார். இழுத்தேன். "இப்ப நல்ல கெதியா வேலை செய்யுது" என்று சொல்லிக் கணினியைக் கொண்டுபோனார். பொலித்தீன் பை மேசையிலேயே கிடந்தது.

இன்று காலை, துஷ்யந்தி மூன்றாம் மாடியில் உடுப்புக் காயப்போடும் இடத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் இருப்பதாக ஷிராஸ் நானா சொன்னார். அதன் பின்னர் யாரும் அழைக்காமல் நானாகவே இங்கு வந்தேன்.

நான் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே எழுதியிருக்கிறேன். எழுதியதைத் திரும்ப வாசித்தேன், எல்லாம் உண்மை.

ஒப்பம்: மு. சாம்பவி

என்னிடமுள்ள பிரதியில் பின்னர் எழுதியது: துஷ்யந்தி கண்விழித்து, தான் வழுக்கி விழுந்ததாக வாக்குமூலம் கொடுத்திருப்பதாகச் சார்ஜன்ட் தொலைபேசியில் தெரிவித்தார். சனிக்கிழமை விமானம் போய்விட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை கிருபாகரன் அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.