நாற்பத்தோராவது கேடயம்

இரவு பதினொன்றே முக்கால். பெரியநாயக்கன்பாளையத்தில் மெயின் ரோட்டை விட்டுப் பாலமலை அடிவாரத்துக்குத் திரும்பும் சாலை. கடைசி டீக்கடையும் சாத்தியாயிற்று. அதற்கப்புறம் இரண்டு பக்கமும் சோளக்காடுதான். தெருவிளக்கு மூன்று கம்பத்துக்கு ஒன்று எரியும்… சில நாள் அதுவும் எரியாது.

நடந்தது நம் கிஷனுடைய பெரியப்பா மகனுக்கு. பெயர் பவன். கிஷன் இட்டுக்கட்டிச் சொல்லும் ஆளில்லை, உங்களுக்கே தெரியும்.

பவன் பைக்கில் வந்துகொண்டிருந்தான். காட்டோரம் ஒரு ஆள் நின்றான்.

அந்தப் பக்கம் யானை இறங்கும். ராத்திரி காவலுக்கு ஆள் இருப்பது வழக்கம். ஆனால் காவலுக்கு வருகிறவன் தீ மூட்டியிருப்பான், கையில் டார்ச் இருக்கும், தெரிந்த வண்டி என்றால் குரல் கொடுப்பான். இவனிடம் எதுவும் இல்லை. கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நேராக நின்றான். வண்டி கடக்கும்போது ஒரு வாடை… சுண்ணாம்பில் ஊறவைத்துக் காயப்போட்ட தோலின் வாடை.

மறுநாள் நான்கு பேர் கூடியிருந்தார்கள். அதற்கு மறுநாள் இன்னும் ஆறு பேர். எல்லோரும் நின்றபடி. பேப்பர் போடுகிறவரைக்கூட விடாத தெருநாய்கள், வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்திருந்தன.

பவன் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு வீட்டில் ஆள் இல்லை. மனைவி சாய்ப்ரியா போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. மூன்று நாள் காய்ச்சல். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பவனுக்குத் தூக்கமே கிடையாது. வீட்டில் விழித்துக் கிடப்பதற்கு ஆபீஸ் மேல் என்று, ஆர்.எஸ்.புரத்தில் மதியம் ஆரம்பித்து இரவு பதினொன்றுக்கு முடியும் ஷிப்ட்டைக் கேட்டு வாங்கியிருந்தான்.

வேலை இதுதான். வெளிநாட்டு நூலகங்கள் பழைய புத்தகங்களைப் படமெடுத்து அனுப்பும். பக்க ஓரத்தில் இருக்கும் ஒவ்வொரு ஓவியத்தையும் கட்டம் கட்டி, என்ன ஓவியம் என்று ஒரு வரி எழுத வேண்டும். அப்போது அவன் கையில் இருந்தது இங்கிலாந்தில் ஒரு துறவி தோலில் எழுதிய புத்தகம். எண்ணூறு வருடம் ஆகிறது. மடத்துக்கு வந்துபோகிறவர்களிடமெல்லாம் ஊர்ச் செய்தி கேட்டு, வருடவாரியாக எழுதி, ஓரத்தில் தானே படமும் வரைந்திருக்கிறார். ராஜாவுக்குப் பரிசாக வந்த யானை ஒன்றையும் வரைந்திருந்தார். அதன் முழங்காலை வரைந்திருந்த அழகைப் பார்த்து, தெருவில் யானை வரும் ஊர்க்காரனான பவன், நான்கு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தான்.

யானையைவிடக் கேடயங்கள்தான் அதிகம். ஒவ்வொரு பிரபுவுக்கும் ஒரு சின்னம் போட்ட கேடயம். அதில் சிலது தலைகீழாக இருந்தது.

பக்கத்து சீட் அன்புமணி எட்டிப் பார்த்தான். "இந்தச் சாமியாரு வௌவாலுக்குப் பாடம் எடுத்தவராட்ட இருக்குதுங்க."

படம் கோணலாக வந்திருந்தால் நிமிர்த்திவிட வேண்டும் என்பது ஆபீஸ் விதி. பவன் நிமிர்த்தினான். முதல் நாள் ஒன்று. மறுநாள் நான்கு. அப்புறம் ஆறு… இரண்டு வாரத்தில் நாற்பது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. அன்று ஒரே ஒரு கேடயம்தான் வந்தது. தூக்கக் கலக்கத்தில் சரியாகக்கூடப் பார்க்கவில்லை, நிமிர்த்திவிட்டுக் கிளம்பினான். சாலையில் வழக்கமானவர்கள் நின்றார்கள். புதிதாக யாரும் இல்லை.

வீட்டுப் பூட்டைத் திறந்தான். உள்ளே இருட்டு.

டிக்.

தரையில் மெட்டி படும் சத்தம். நின்ற இடத்திலேயே ஒருத்தி காலை மாற்றி வைக்கிற சத்தம்… சாய்ப்ரியா போடும் பவுடர் வாசனை. அதற்கடியில், மெல்லிசாக, அந்தத் தோல் வாடை.

பவன் கத்தவில்லை. விளக்கையும் போடவில்லை. போட்டால் போய்விடுவாளோ என்று பயம். இருட்டிலேயே நடந்து போய்க் கட்டிலில் படுத்தான். அந்தச் சத்தம் வந்து கட்டிலோரம் நின்றது. நான்கு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவன் தூங்கினான்.

ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு மேலாளர் லட்சுமிநாராயணன் போன் செய்தார்.

"ஏனுங்க பவன், கேடயத்தையெல்லாம் நேராக்கிப் போட்டீங்களாமா? நூலகத்துக்காரங்க எழுதியிருக்கறாங்க. அது தலைகீழா இருந்தா அந்த ஆளு செத்துட்டான்னு அர்த்தமாமுங்க. அந்தத் துறவி அப்படித்தான் குறிச்சு வெப்பாராமா." அவருக்குச் சிரிப்பு வந்தது. "செத்தவனையெல்லாம் எந்திரிச்சு நிக்க வெச்சுப்போட்டீங்க, போங்க."

காலை ஆறு மணிக்குள் எல்லாவற்றையும் பழையபடி திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டு வைத்தார்.

பவன் வெகுநேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தான். பிறகு லேப்டாப்பைத் திறந்து முதல் கேடயத்தைத் தலைகீழாக்கினான்.

வெளியே சோளக்காட்டில்… பொத். மூட்டை விழுந்த மாதிரி.

இரண்டாவது. பொத்.

அவன் ஒவ்வொன்றாகத் திருப்பத் திருப்ப, காட்டிலிருந்து ஒவ்வொரு சத்தம். அவசரமில்லாமல், அலுத்த ஆள் படுக்கையில் விழுகிற மாதிரி. நாற்பது முடிந்ததும் தெருநாய்கள் ஒரே நேரத்தில் குரைக்க ஆரம்பித்தன.

ஒன்று மிச்சம்.

அப்போதுதான் அந்தக் கேடயத்தைச் சரியாகப் பார்த்தான். மஞ்சள் கயிறு மாதிரி ஒரு கோடு. அதில் தங்க நிறத்தில் இரண்டு வட்டம், நடுவில் சிவப்பாக ஒரு மணி. வலது வட்டத்தின் விளிம்பு நசுங்கியிருந்தது.

எழுந்துபோய் பீரோவைத் திறந்தான். சாய்ப்ரியாவின் தாலியை எடுத்து வந்து திரைக்குப் பக்கத்தில் வைத்தான். நாயுடு வீட்டுத் தாலி. வட்டமாக இரண்டு தங்கப் பொட்டு, நடுவில் பவழம். கல்யாணமான முதல் மாதம் கார் கதவில் சிக்கி ஒரு பொட்டு நசுங்கிவிட்டது. கடையில் கொடுத்து நிமிர்த்தலாம் என்று அவன் சொன்னபோது, கழுத்திலிருந்து கழற்ற மாட்டேன் என்றுவிட்டாள்.

அதே பக்கம். அதே நசுங்கல்.

முதுகுக்குப் பின்னால், டிக்.

அவன் விரல் படத்தைத் திருப்பும் பொத்தான் மேலேயே இருந்தது. ஒரு தடவை அழுத்தினால் போதும்… மணி ஐந்தே முக்கால் ஆனது. விரலை எடுத்தான். நாற்பதை மட்டும் அனுப்பிவிட்டு லேப்டாப்பை மூடினான்.

மறுநாள் லட்சுமிநாராயணன் கூப்பிட்டு, நாற்பதும் சரியாக இருப்பதாக நூலகத்தில் சொல்லிவிட்டார்கள் என்றார். பவன் தயங்கித் தயங்கி, இன்னொன்று இருந்ததே என்று பக்க எண்ணைச் சொன்னான். அவர் நூலகத்தின் படத்தையே அவனுக்கு எதிரில் திறந்து காட்டினார். அந்தப் பக்கத்தில் ஓரம் வெறுமையாக இருந்தது. அந்தப் புத்தகத்தில் அப்படி ஒரு கேடயமே இல்லை.

பவனுடைய லேப்டாப்பில் மட்டும் இருக்கிறது. அவனைத் தவிர அதைத் திருப்ப வேறு ஆள் கிடையாது.

போன ஆடியில் கிஷன் பாலமலைக் கோயிலுக்குப் போக வந்தவன், அண்ணன் வீட்டில் ஒரு ராத்திரி தங்கினான். ஹாலில் படுக்கை. மூன்று மணி இருக்கும்… அந்தச் சத்தத்தில்தான் விழித்திருக்கிறான். படுக்கையறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. ரேஷன் கடை வரிசையில் வெகுநேரம் நிற்கிறவர்கள் இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறிக்கொள்வார்கள் அல்லவா, அந்த மாதிரி. டிக்… டிக்…

பிறகு அண்ணியின் குரல். கோபமே இல்லாத குரல் என்றான் கிஷன்.

"ஏனுங்க… கால் வலிக்குதுங்க. படுத்துக்கட்டுங்களா?"

அப்புறம் அண்ணன் சொன்னான்.

"இன்னும் கொஞ்ச நாள், கண்ணு."

டிக்.